கிளாவர் ரெண்டு இல்லாத கட்டு

வாங்க தம்பி, வாங்க. போன்ல பேசுனது நீங்கதானுங்களே? பல்லடத்துல இருந்து இதுக்காகவே வந்தீங்களா? அட, உக்காருங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். மோர் குடிக்கறீங்களா? மோர் இருக்கும், ஆனா எதுல ஊத்தி வெச்சிருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க. போச்சாது, தண்ணி குடிங்க.

பொருளுங்களா? பொருள் இப்ப ஊட்டுல இல்லீங்க. என்ற சம்சாரம் துளசிமணி எடுத்துட்டுப் போயிருக்கா. ஏதோ ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழாவாம். சித்தெ நேரத்துல வந்துருவா. அதுக்குள்ள நான் உங்களுக்கு விசயத்தை விளக்கமாச் சொல்லிப்போடறேன்.

என்ற பேரு வெள்ளிங்கிரி. முப்பது வருசம் தண்ணி மோட்டார் கடை வெச்சிருந்தவன். இப்பப் பையன் பாத்துக்கறான். "அப்பா, நீங்க ஊட்டுல இருங்க, கஸ்டமருக எல்லாம் அவசரத்துல வர்றாங்க"ன்னு சொல்லிட்டான். என்ற உடம்பு மேல அவனுக்கு அத்தனை அக்கறை. மோட்டார் விக்கும்போதே நான் ஒரு கொள்கை வெச்சிருந்தேனுங்க. குறை இருந்தா முதல்லயே சொல்லிருவேன். அதனால இதையும் முதல்லயே சொல்லிடறேன். அந்தச் சீட்டுக்கட்டுல கிளாவர் ரெண்டு இல்லை. ஏன் இல்லைங்கறது பின்னால வரும்.

நீங்க போன்ல ஒண்ணு கேட்டீங்க பாருங்க, "ஐயா, குடுக்கற காசுக்கு இது தகுமா?"ன்னு. நல்ல கேள்வி. இந்த வருசம் பூராவும் நானும் அதையேதான் கேட்டுட்டிருக்கேன்.

முதல்ல, நான் எதுக்கு இதை வாங்குனேன்னு சொல்லோணும். எனக்கு ஒரு மச்சான். துளசியோட அண்ணன், பேரு குழந்தைசாமி. எந்த விசேசத்துக்குப் போனாலும் அந்தாளைச் சுத்தி ஒரு கூட்டம் உக்காந்திருக்கும். அவரு ஒண்ணும் பெருசாப் பேசறதில்லீங்க. "அப்புறம் என்னாச்சு?"ம்பாரு. "அப்படியா?"ம்பாரு. எதிர்ல இருக்கறவன் சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சிரிப்பாரு. இதுல என்ன இருக்குங்க? நான் போய் ஒருத்தருகிட்ட உக்காந்து, கம்ப்ரசர் மோட்டாருக்கும் சப்மெர்சிபிள் மோட்டாருக்கும் என்ன வித்தியாசம்னு ஆரம்பிக்கறேன். நொம்ப உபயோகமான விசயம். போர்வெல் போடறவனுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கோணும். பாதியிலயே அவருக்குப் போன் வந்துருது. எந்திரிச்சுப் போயிடறாரு. அடுத்தவர்கிட்டப் போறேன், அவருக்கும் போன். நான் பேசற ஆளுக்கெல்லாம் எப்படித்தான் அந்த நேரம் பாத்துப் போன் வருதோ. சில பேருக்குச் சத்தமே இல்லாம வருதுங்க.

போன தையில ஒரு காதுகுத்து. நான் பந்தல்ல தனியா உக்காந்திருக்கேன், அந்தப் பக்கம் மச்சானைச் சுத்தி ஒரே கெக்கெக்கேன்னு சத்தம். அப்பத்தான் செல்போன்ல இந்த விளம்பரம் வந்துச்சு. ஒரு பையன், கருப்புச் சட்டை. டீக்கடை அம்மாகிட்டப் போறான். "ஒரு சீட்டை நெனைச்சுச் சொல்லுங்கம்மா"ங்கறான். அந்தம்மா "டைமண்ட் நாலு"ங்குது. சீட்டுக்கட்டை எடுத்து விரிக்கறான். எல்லாச் சீட்டும் மொகத்தைக் காட்டிட்டு இருக்குது, ஒண்ணே ஒண்ணு மட்டும் குப்புறக் கெடக்குது. திருப்புனா, டைமண்ட் நாலு! அந்தம்மா கரண்டியைக் கீழ போட்டுடுச்சு. நான் அங்கயே பணத்தைக் கட்டிட்டேன். கடையில நூறு ரூபாய்க்குக் கெடைக்கற சீட்டுக்கட்டுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம். ஆனா அந்தக் கரண்டி விழுந்துது பாருங்க, அதுக்கே குடுக்கலாம்னு தோணுச்சு.

வந்துச்சு. பெட்டி நல்ல பெட்டி, அதுல குறை சொல்ல மாட்டேன். வெல்வெட்டெல்லாம் வெச்சு, நகைப் பெட்டியாட்டம் இருந்துச்சு. உள்ள ஒரு கட்டு. அப்புறம் போன்ல ஒரு வீடியோ, அதுல சூட்சுமத்தைச் சொல்லித் தர்றான். பாத்தேன். வயிறு எரிஞ்சுபோச்சுங்க. சூட்சுமம் இத்தினியூண்டு! அதை உங்களுக்கு இப்பச் சொல்ல மாட்டேன், காசு கைக்கு வந்தப்புறம்தான் சொல்லுவேன். ஆனா இத்தினியூண்டு. ஒரு மோட்டாரைத் தொறந்தா உள்ள எத்தனை சாமான் இருக்குது, காயில் என்ன, பேரிங் என்ன, புஷ் என்ன. இதைத் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்லை.

உடனே கம்பெனிக்குப் போன் போட்டேன். எடுத்தது அந்தக் கருப்புச் சட்டைப் பையனேதான். "ஏனுங்க தம்பி, இவ்வளவுதானா?"ன்னேன். அவன் மரியாதையாத்தான் பேசுனான். "ஐயா, சூட்சுமம் சின்னதா இருந்தாத்தான் கைக்கு நல்லது. வீடியோவுல பிற்பாதி பாத்தீங்களா? எதிர்ல இருக்கறவங்களை நெனைக்க விட்டுட்டு, கொஞ்சம் காத்திருக்கறது எப்படின்னு சொல்லியிருக்கேனே"ன்னான். "அந்த இடத்தை ஓட்டி விட்டுட்டேன் தம்பி, அதுல ஒண்ணுமே இல்லையே, நீங்க கம்முனு நிக்கறீங்க, அவ்வளவுதான்"னேன். அதோட லைன் கட்டாயிருச்சு. சிக்னல் கெடைக்கலையாட்ட இருக்குது.

சரின்னு பழக ஆரம்பிச்சேன். பழகோணும்னா எதிர்ல ஒரு ஆள் வேணுமே? ஊட்டுல ஆரு இருக்கா, துளசிதான்.

துளசியைப் பத்திச் சொல்லோணுமுங்க. தங்கமான பொம்பளை, ஆனா வாயே தொறக்க மாட்டா. கலியாணமான நாள்ல இருந்து அவ எங்கிட்டப் பேசுனதை எல்லாம் ஒண்ணாச் சேத்தா, ஒரு காப்பி ஆத்திக் குடிக்கற நேரம் வராது. பேசறதுக்கு அவளுக்கு விசயம் இல்லைன்னுதான் நான் நெனைச்சிருந்தேன். அவ கீரை ஆஞ்சுட்டு இருப்பா, நான் போய் முன்னால நிப்பேன். "ஒரு சீட்டைச் சொல்லு." எதையாச்சும் சொல்லுவா. நான் விரிப்பேன். சீட்டு குப்புற இருக்கும். திருப்பிக் காட்டுவேன். "ம்ம், சரியாத்தானுங்க இருக்குது. சோறு போடட்டுங்களா?"ம்பா.

அவ்வளவுதான் தம்பி! ஒரு ஆச்சரியம் இல்லை, ஒரு "அய்யோ" இல்லை. காலையிலயும் காட்டுனேன், மத்தியானமும் காட்டுனேன், துணி காயப்போடும்போது மொட்டை மாடிக்கே போய்க் காட்டுனேன். "ம்ம்." எனக்குக் கோவம் வந்துருச்சு. "ஏ புள்ள, உனக்கு இது அதிசயமாவே தெரியலையா?"ன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னாத் தெரியுமுங்களா? "நான் நெனைக்கறதுக்கு முன்னாலயே நீங்க பேச ஆரம்பிச்சுடறீங்க. அதனால வாயில வந்ததைச் சொல்லிடறேனுங்க. நெனைக்காத சீட்டு வந்தா என்ன, வராட்டி என்ன?"ங்கறா. பாருங்க, தப்பு பூராவும் அவ மேல. நெனைக்காமயே சொல்லியிருக்கறா! அப்புறம் எப்படி வித்தை வேலை செய்யும்?

சரி, கோணம் சரியா இருக்குதான்னு பாக்கறதுக்காச்சும் உதவட்டும்னு அவளுக்குச் சூட்சுமத்தைச் சொல்லிக் குடுத்தேன். கேட்டுட்டு மறுபடியும் ஒரு "ம்ம்." "எங்கிட்டக் கொஞ்சம் குடுங்க"ன்னு கட்டை வாங்கிப் பாத்துட்டு, அடுப்புல பால் பொங்குதுன்னு போயிட்டா.

அப்புறம் அவிநாசியில ஒரு ஒறம்பரை ஊட்டுல, சொந்தக்காரங்கதான், புதுமனை புகுவிழா. அதுதான் என்ற அரங்கேற்றம். சாப்பாடு முடிஞ்சு எல்லாரும் கூடத்துல உக்காந்திருந்தாங்க. நான் எந்திரிச்சு நின்னேன். சும்மா சீட்டை விரிச்சாப் போதுங்களா? முன்னுரை வேணுமல்ல? சீட்டுக்கட்டு எப்படி வந்துச்சு, காகிதம் எப்படிப் பண்றாங்க, மனசுங்கறது என்ன, அதுல மின்சாரம் எப்படி ஓடுதுன்னு கோர்வையாத் தயார் பண்ணியிருந்தேன். முதல்லயே மச்சானைக் கூப்புட்டு, "ஒரு சீட்டைச் சொல்லுங்க மச்சான்"ன்னேன். "ஸ்பேடு ஏழு"ன்னாரு. "அதை மனசுல வெச்சுக்குங்க"ன்னுட்டு முன்னுரையை ஆரம்பிச்சேன். நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. மோட்டார் காயிலை உதாரணமாச் சொன்னதுல கொஞ்சம் நீண்டுபோச்சு. கடைசியில கட்டைப் பிரிக்கும்போது, அவரு சொன்னது ஏழா எட்டான்னு எனக்கே மறந்துபோச்சுங்க. எட்டைப் பிரிச்சுட்டேன்.

சிரிப்புன்னா சிரிப்பு, அப்படி ஒரு சிரிப்பு. மச்சான், "பரவால்ல மாப்ள, ஒண்ணுதான வித்தியாசம், கரண்டு ஏறி இறங்கியிருக்கும்"ங்கறாரு. எகத்தாளம். நான் கட்டைத் துளசி மடியில போட்டுட்டு, கை கழுவப் போயிட்டேன். அந்த வித்தையில என்ன குறைன்னா, பண்றவனோட ஞாபகத்தைச் சோதிக்குதுங்க. விளம்பரத்துல அதைச் சொல்லவே இல்லை.

கை கழுவிட்டுத் திரும்பி வந்தா, கூடம் கம்முனு கெடக்குது.

அந்தக் கூடத்து மூலையில பாவாயி அக்கான்னு ஒருத்தங்க உக்காந்திருந்தாங்க. அந்தப் புது ஊட்டுக்காரருக்குப் பெரியம்மா முறை. அவிங்களுக்கு ஒரே பையன், ஓசூருல வேலையில இருந்தவன், அதுக்கு முந்தி வந்த ஆடியில பைக்குல போகும்போது தவறிட்டான். அன்னையில இருந்து அந்தம்மா ஆரோடயும் பேச்சில்லை. கூட்டிட்டு வந்து உக்கார வெச்சா உக்காந்திருப்பாங்க, சோறு போட்டாத் தின்பாங்க, அவ்வளவுதான். அவிங்க முன்னால துளசி கீழ உக்காந்திருக்கறா, கையில என்ற கட்டு.

"அக்கா, ஒரு சீட்டை நெனைச்சுக்குங்க"ன்னு சொல்லியிருக்கறா. அந்தம்மா பதில் பேசலை. துளசியும் பேசலை. நான் பக்கத்துல போய், "ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கக்கா"ன்னு சொல்ல வாயெடுத்தேன், மச்சான் என்ற கையைப் புடிச்சு அமுக்கிட்டாரு. அவ பாட்டுக்கு உக்காந்திருக்கறா. எனக்கா, உள்ள பரபரங்குது. அத்தனை நேரம் ஆராச்சும் சும்மா இருப்பாங்களா? அவ கொஞ்சம் மந்தமுங்க, முன்னயே சொன்னனல்ல.

கடைசியில அந்தம்மா மெதுவா, "கிளாவர் ரெண்டு"ன்னாங்க.

துளசி உடனே கட்டை விரிக்கலை. "அது எதுக்குங்கக்கா?"ன்னு கேட்டா. வீடியோவுல அந்தக் கேள்வியே இல்லை, இவளாக் கேட்டா.

"என்ற பையன் லீவுல வந்தா எங்கூட உக்காந்து சீட்டுல கழுதை வெளையாடுவான். கிளாவர் ரெண்டைத் தொடைக்கு அடியில ஒளிச்சு வெச்சுக்குவான். எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்துக்குவேன்"ன்னாங்க அந்தம்மா. அத்தனை மாசத்துல அந்தப் பையனைப் பத்தி அவிங்க வாயில வந்த முதல் பேச்சு அதுதான்னு அப்புறம் சொன்னாங்க.

துளசி கட்டை அவிங்க மடியிலயே வெச்சு விரிச்சா. ஒரு சீட்டு மட்டும் குப்புறக் கெடந்துச்சு. "நீங்களே எடுங்க"ன்னா. அந்தம்மா திருப்பிப் பாத்தாங்க. பாத்துட்டுச் சிரிச்சாங்க தம்பி. "கள்ளப்பயல், இங்க வெச்சிருக்கறான் பாரு"ன்னு சிரிச்சுட்டு, அப்புறம் அழுதாங்க பாருங்க, கூடத்துல இருந்த அத்தனை பொம்பளைகளும் அழுதாங்க. மச்சான் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைக்கறாரு. சமையக்காரன் வாசப்படியில நின்னு கண்ணைத் தொடைக்கறான்.

நான் சொன்னேன், "இந்தக் கட்டு ஆன்லைன்ல வாங்குனதுங்க, நான்தான் வாங்குனேன்"ன்னு. ஆரும் காதுல வாங்கலை.

அதோட விட்டாப் பரவால்லீங்க. அந்தம்மா சீட்டை நெஞ்சோட வெச்சுட்டுத் திருப்பிக் குடுக்கவே இல்லை. துளசியும், "நீங்களே வெச்சுக்குங்கக்கா"ன்னுட்டா. ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கோணுமா வேண்டாமா? ஒரு சாமான் கழண்டா மொத்த செட்டும் போச்சில்லையா? "ஆராச்சும் அடுத்த தடவை கிளாவர் ரெண்டு கேட்டா என்ன பண்ணுவே?"ன்னு ஊட்டுக்கு வந்து கேட்டேன். "அதை ஒருத்தங்ககிட்டக் குடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லிக்கறேனுங்க"ன்னா. அப்படியேதான் சொல்றா. ஆச்சரியம் என்னன்னா, சனங்களும் அதை ஒத்துக்கறாங்க.

அதுல இருந்து எங்க ஊட்டுல நிம்மதி போச்சு. ஆராரோ போன் பண்றாங்க. "அம்மா இருக்காங்களா?" முதியோர் இல்லத்துல கூப்புடறாங்க, ஸ்கூல்ல கூப்புடறாங்க, பொறந்த நாளுக்குக் கூப்புடறாங்க. மச்சான் கார்ல வந்து கூட்டிட்டுப் போறாரு. பீரோவுல மடிச்சு வெச்சிருந்த பட்டுச் சேலையெல்லாம் வெளிய வந்துருச்சு. சாயந்தரம் காப்பி நானே போட்டுக்கறேன். போட்டுக்கறதுன்னா, ரெண்டு நாள் போட்டேன், மூணாவது நாள்ல இருந்து பேக்கரிக்குப் போறேன்.

ஒரு தடவை ஒரு ஸ்கூலுக்கு நானும் கூடப் போனேன். பொம்பளை தனியா மேடையேறி என்ன பண்ணுவா, ஒரு ஒத்தாசைக்குத்தான். அவ ஒரு பெரியவரை நெனைக்கச் சொல்லிட்டு நிக்கறா, நிக்கறா, நின்னுட்டே இருக்கறா. எனக்குப் பாவமாப் போச்சு. மைக்கை வாங்கி, அந்த இடைவெளியில சனங்களுக்கு நாலு விசயம் சொல்லலாம்னு ஆரம்பிச்சேன். துளசி என்னைப் பாத்து, "நீங்க அங்க போய் உக்காருங்க"ன்னுட்டா. மைக்குல! அத்தனை பேர் முன்னால! நான் போய் உக்காந்துட்டேன். ஏன் உக்காந்தேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை. அவ அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லைங்க, அதுதான் ஏதோ தெகைச்சுப்போயிட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லோணும், நன்றி மறக்காதவ. நிகழ்ச்சி முடிஞ்சதும் அந்த ஸ்கூல் டீச்சரம்மா கேட்டாங்க, "எங்க நிறுத்தறது, எங்க பேசறதுன்னு அழகாத் தெரியுதேம்மா, ஆருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"ன்னு. துளசி என்னைக் கையைக் காட்டி, "இவரு பேசறதைக் கேட்டுக் கேட்டுத்தானுங்க கத்துக்கிட்டேன்"ன்னா. அரங்கமே சிரிச்சுக் கைதட்டுச்சு. நான் எந்திரிச்சு வணக்கம் வெச்சேன்.

இருந்தாலும் பொருள்னு பாத்தாக் குறைதானுங்களே? நான் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். நட்சத்திரம் குடுக்கச் சொல்றாங்கல்ல, ஒரே ஒரு நட்சத்திரம் குடுத்து, "இந்தச் சாமான் வாங்குனவன் கையில வேலை செய்யறதில்லை, வாங்காதவ கையில வேலை செய்யுது"ன்னு எழுதுனேன். அந்தக் கருப்புச் சட்டைப் பையன் அன்னைக்கே போன் பண்ணிட்டான். மன்னிப்புக் கேப்பான், காசைத் திருப்பித் தருவான்னு எடுத்தா, "ஐயா, அம்மாகிட்டக் கொஞ்சம் பேசலாமா?"ங்கறான். ரெண்டு பேரும் பேசிச் சிரிச்சுட்டே இருந்தாங்க. என்ன பேசுனாங்கன்னு நான் கேட்டுக்கலை, எனக்கெதுக்கு.

அதுதான் வித்துப்போடலாம்னு முடிவு பண்ணி, நீங்க பாத்த அந்த விளம்பரத்தைப் போட்டேன் தம்பி. கட்டு போயிட்டா எல்லாம் பழையபடி ஆயிரும். கோவிச்சுட்டு விக்கலீங்க. ஊட்டுல ஒரு ஒழுங்கு வேணுமல்ல. அதனால காசுக்குத் தகுமான்னு கேட்டீங்கன்னா, உங்க சம்சாரம் கண்ணுல படாம வெச்சுக்கறதா இருந்தாத் தகும்.

அதா, கார் சத்தம். வந்துட்டா. மச்சான் எறக்கி விட்டுட்டு அப்படியே போயிட்டாரு, நல்லதாப் போச்சு. தம்பி, ஒரு விசயம். விக்கற சமாச்சாரத்தை அவகிட்ட இன்னும் சொல்லலீங்க. நீங்க வாயத் தொறக்காதீங்க, நான் பக்குவமாச் சொல்லிக்கறேன்.

வா துளசி. இவிங்க பல்லடத்துல இருந்து வந்திருக்கறாங்க. என்ன விசயம்னா, இவிங்களுக்கு ஒரு மோட்டார்... என்னது? நான் போட்ட விளம்பரத்தைப் பாத்தியா? ஆரு காட்டுனா, நம்ம பையனா? போன வாரமே பாத்துட்டியா? பாத்துட்டுமா ஒரு வார்த்தை கேக்காம இருந்தே?

கேட்டீங்களா தம்பி, தாராளமாக் குடுத்துடலாம்ங்கறா. கம்பெனியில இருந்து அவளுக்குப் புதுசா நாலஞ்சு கட்டு அனுப்பி வெச்சிருக்கறாங்களாம். சும்மாவே! எங்கிட்டக் காசு வாங்குனவன் இவளுக்குச் சும்மா அனுப்பியிருக்கறான். இதென்னங்க வியாபாரம்?

சரி, இருக்கட்டும். இவிங்களுக்கு ஒரு தடவை பண்ணிக் காட்டு. வாங்கறவங்க ஓட்டிப் பாத்துட்டு வாங்கறதுதான் முறை. என்னது, எனக்கா? எனக்கெதுக்கு? எனக்குத்தான் சூட்சுமம் தெரியுமே. தெரிஞ்சா என்னவா? ஆமா, நீ எனக்குப் பண்ணதே இல்லைதான். நான் எப்பக் கேட்டேன்? என்ன தம்பி சிரிக்கறீங்க?

சரி சரி, நெனைக்கறேன். டைமண்ட்... இல்லை, அது சும்மா வாயில வந்துச்சு. இரு. அம்பத்தொரு சீட்டு இருக்குது, எனக்குன்னு ஒண்ணு அகப்பட மாட்டேங்குது பாருங்க. மோட்டார்ல எது வேணும்னு கேட்டிருந்தாப் பட்டுனு சொல்லியிருப்பேன். நிக்கறா பாருங்க தம்பி. கட்டைக் கையில வெச்சுட்டு, என்ற மூஞ்சியையே பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசாம நிக்கறா. கால் வலிக்கலையா புள்ள? உக்காந்துக்க. வேண்டாமா? அவசரமில்லையா?

இதென்னங்க கெரகமா இருக்குது. வேர்க்குதுங்க எனக்கு. ஒருத்தங்க எங்கிட்ட ஒண்ணைக் கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் போகாம நிக்கறது... இல்லை தம்பி, நீங்க ஒண்ணும் எடுத்துக் குடுக்க வேண்டாம். சித்தெ கம்முனு இருங்க. நான் நெனைச்சுட்டிருக்கேன்.